செல்லாத பணம்: எது செல்லவில்லை?

இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலை ரெண்டாவது தடவையாகப் படித்து முடித்தேன். 2018இல் வந்தது, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்றது. தலைப்பைப் பார்த்துவிட்டு, 2016 நோட்டு விவகாரம் பற்றிய கதையா என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை.

இமையம் விருத்தாசலத்தில் வசிப்பவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்கிற இந்த ஊரில் ஒரு குடும்பம் ஜெயித்துவிட்டது என்றால் என்ன அர்த்தம்? அரசாங்க வேலை, மாடி வீடு, இன்ஜினியர் பிள்ளை. நாவலில் வரும் நடேசன் அப்படி ஜெயித்தவர். தலைமை ஆசிரியர். மகள் ரேவதி இன்ஜினியரிங் முடித்தவள். அவள் பர்மா அகதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ டிரைவர் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு ஒருநாள் உடல் வெந்துபோய் புதுச்சேரி ஜிப்மரில் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று குடும்பம் வெளியே நிற்கிறது. அந்தப் பணத்துக்கு அங்கே வேலையில்லை.

“பணத்தால சந்தோஷத்தை வாங்க முடியாது, அதான் கதை” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. முதலில் அந்த வாக்கியமே பாதிதான் சரி. வருமானம் கூடக்கூட அன்றாட மகிழ்ச்சியும் கூடும், ஆனால் வருஷத்துக்கு சுமார் 75,000 டாலரோடு நின்றுவிடும் என்று 2010இல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் எழுதினார்கள். 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், 33,391 பேரிடம் போன் ஆப் வழியாகக் கேட்டு, நிற்கவே இல்லை என்றார். சண்டை போட்டிருக்கலாம். அதற்குப் பதில், பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்து, இருவரும் சேர்ந்து டேட்டாவை மறுபடி அலசி 2023இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு மகிழ்ச்சி ஏறிக்கொண்டேதான் போகிறது. மிகவும் துயரத்தில் இருக்கும் 15–20 சதவீதம் பேருக்கு மட்டும், சுமார் 1 லட்சம் டாலருக்கு மேல் பணம் எந்த ஆறுதலும் தருவதில்லை. மனமுறிவு, சாவு மாதிரியான துயரங்கள். அமெரிக்கத் தொகை நமக்குப் பொருந்தாது. ஆனால் ஜிப்மர் வராண்டாவில் நிற்கும் நடேசன் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான்.

ஆனால் நாவல் இதற்கும் முன்னால் போகிறது. அங்கே செல்லாமல் போவது பணம் மட்டுமில்லை. ரேவதியின் பட்டம், அந்த வீட்டின் வெற்றிக் கணக்கில் பெரிய வரவு. அவள் கல்யாணம் செய்துகொண்டதும் அது நஷ்டமாகிவிடுகிறது. மகள் எப்படி இருக்கிறாள் என்பதைவிட, அவளால் நமக்கு என்ன ஆச்சு என்பதே அந்த வீட்டின் பேச்சாக இருக்கிறது. மார்க்கில் சதவீதம் கேட்டுப் பழகியவர்கள், கடைசியில் வெந்த உடம்பின் சதவீதத்தைக் கேட்டு நிற்கிறார்கள். அந்த வார்டில் எல்லாக் குடும்பத்துக்கும் அதே கேள்விதான்.

நானும் பி.இ.தான். கேம்பஸில் வேலை கிடைத்த அன்று அப்பா தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. “அந்த வேலை உனக்குப் பிடிச்சிருக்காப்பா?” என்று ஒருநாள்கூட அவர் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்றில்லை, அப்படி ஒரு கேள்வி இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. நானும் என் பையனிடம் இதுவரை ரேங்க்தான் கேட்டிருக்கிறேன்.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. புலம்பல்கள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. சொன்னதையே சொல்லும் இடங்களில் தாண்டிப் போய்விடலாமா என்று தோன்றியது. (ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பதும் உண்மை.) ஆனால் ரவியையும் பேச விட்டிருக்கிறார் இமையம். நியாயப்படுத்தவில்லை. முதல் தடவை அந்தப் பக்கங்களைக் கோபத்தில் வேகமாகப் புரட்டிவிட்டேன். இந்த முறை நிதானமாகப் படித்தேன். சொல்லிக்கொள்ள ஒரு வெற்றியும் இல்லாத ஒருவன், இன்ஜினியர் பெண்டாட்டியோடு ஒரே வீட்டில் எப்படி இருந்திருப்பான் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அவன்மேல் கோபம் போகவில்லை. புத்தகத்தை மூடவும் முடியவில்லை.