கைத்தாங்கலும் கைமாற்றலும்

இளம் ஊழியருக்குச் சபைத் தலைமை எப்படித் துணை நிற்க வேண்டும் என்று கேட்டால் ஜெபம், அன்பு, அறிவுரை என்ற பதில் உடனே வரும். மூன்றும் வேண்டும். ஆனால் தமிழ்த் திருச்சபையின் கடந்த முந்நூறு ஆண்டு வரலாறு இன்னொரு அளவுகோலையும் நம் கையில் தருகிறது. மூத்தவர் தம் பொறுப்புகளில் எதை இளையவரிடம் ஒப்படைத்தார்? ஒப்படைத்த பின்னும் அவர் பக்கத்தில் நின்றாரா? இந்த இரண்டும் இல்லாத இடத்தில் வழிகாட்டல் நல்ல பயிற்சியோடு நின்றுபோயிருக்கிறது என்பதே என் வாதம்.

பயிற்சிக்கு நம்மிடம் என்றுமே குறைவிருந்ததில்லை. கத்தோலிக்கர் பக்கத்தில் வீரமாமுனிவர் உபதேசியார்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். ஊழியனின் நடத்தைக்கு உரைநடையில் ஓர் இலக்கணம் கிடைத்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1716இல் உபதேசியார்களைப் பயிற்றுவிக்க ஒரு கல்விக்கூடம் தொடங்கினார். அந்த மிஷனில் முதல் தமிழ்க் குருவாக ஆரோன் பட்டம் பெற்றதோ 1733இல். குருப்பட்டத்துக்கு உரியவர்களைத் தேடியபோது தஞ்சைப் பகுதியில் சிறப்பாக உழைத்த இராஜநாயக்கனின் பெயரும் அடிபட்டது. அவர் பறையர் குலத்தில் பிறந்தவர். மேல்சாதிக் கிறிஸ்தவர் அவர் கையால் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். அவர் கடைசிவரை உபதேசியாராகவே உழைத்தார். அவரிடம் தகுதிக் குறைவோ மிஷனரிகளிடம் அன்புக் குறைவோ இருந்ததாகத் தெரியவில்லை. சபையின் முறுமுறுப்பைத் தாங்கிக்கொண்டு அவருக்காக நிற்க மட்டும் தலைமை முன்வரவில்லை. நம் மரபின் பெருமையைப் பேசும் எந்த மலரும் இதைத் தாண்டிப் போகக்கூடாது.

தஞ்சையில் சுவார்ச் ஐயர் வளர்த்த வழி வேறு. தம்மோடு உழைத்த சத்தியநாதனுக்கு 1790இல் குருப்பட்டம் கொடுத்து, தூரத்துப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். 1799இல் முதலூர் உருவான காலத்தில் நெல்லைச் சபையின் பாரத்தைச் சுமந்தவர் அந்தச் சத்தியநாதன்தான். பின்னாளில் அதே நெல்லையில் மிஷனரி ரேனியஸ் தாம் வளர்த்த உபதேசியார்களுக்குத் தாமே பட்டம் கொடுக்க விரும்பினார். ஆங்கிலிக்க முறைப்படி பேராயரே தர வேண்டும் என்றது அவரை அனுப்பிய சங்கம். வேறு காரணங்களும் சேர்ந்து 1835இல் உறவு முறிந்தது. இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது. ஆயினும் அந்த இழுபறியில் காத்து நின்றவர்கள் உபதேசியார்களே.

ஒப்படைத்துத் துணை நிற்கும் மரபின் உயர்ந்த எடுத்துக்காட்டு, சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட்டும் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியாவும் கொண்டிருந்த உறவு. 1910இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா மேனாட்டு மிஷனரிகளை நோக்கி, உங்கள் தியாகத்தை மதிக்கிறோம், ஆனால் எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற பொருளில் பேசினார். அரங்கில் பலருக்கு அது கசந்தது. வைட்ஹெட்டோ அவரைப் பேராயராக்கும் முயற்சியில் பின்வாங்கவில்லை. இந்தியர் ஒருவர் ஐரோப்பியரை ஆளலாமா என்று எதிர்ப்பு வந்தது. அசரியாவின் சொந்த மண்ணிலிருந்தும் முணுமுணுப்பு எழுந்தது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அசரியா தோர்ணக்கலின் பேராயராக அபிஷேகம் பெற்றார். தலைவர் தம் செல்வாக்கை இளையவருக்காகச் செலவழித்தார் என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அறிவுரை சொல்பவருக்கு அதனால் இழப்பேதும் இல்லை. வைட்ஹெட் தம் நற்பெயரையே பணயம் வைத்தார்.

இவையெல்லாம் வெள்ளையர் காலத்து ஆண்டான்–அடிமை உறவுகள், இன்றைக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், எடின்பரோவில் அசரியா குறை சொன்னதே அந்த உறவைத்தான். ஆனால் மேலிருந்து இரங்குகிற அந்தப் பழக்கம் நிறத்தோடு போய்விடவில்லை. இன்றைய சேகரத் தலைவருக்கும் உதவி குருவுக்கும் நடுவிலும், பேராயர் அலுவலகத்துக்கும் கிராமத்து உபதேசியாருக்கும் நடுவிலும் அது உட்கார்ந்திருக்கிறது. இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று: துணை நிற்பது என்று தொடங்கினால் ஒழுங்கு தளரும், தவறு செய்தவரைக் கண்டிக்க முடியாது. அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தை இங்கே படிக்க வேண்டும். பாதி வழியில் பிரிந்துபோன மாற்குவைப் பவுல் ஏற்க மறுத்தார். பர்னபா அவனை அழைத்துக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். பவுலின் கண்டிப்பில் பிழையில்லை. ஆனால் இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தில் அதே மாற்குவை ஊழியத்துக்குப் பயனுள்ளவன் என்று பவுலே வரவழைக்கிறார். கண்டிப்பவர் ஒருவர், கைதூக்கிவிடுபவர் ஒருவர் என்று ஆதிச்சபையில் இருவர் இருந்ததால் மாற்கு தொலைந்துபோகவில்லை.

நம் திருமண்டலங்களில் அந்த இரண்டு வேலையும் பெரும்பாலும் ஒரே மேசைக்கு வருகின்றன. இடமாற்றம் எழுதுகிறவரிடமே இளம் குரு தன் சோர்வையும் சந்தேகத்தையும் கடனையும் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லமாட்டார். ஆகவே பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும், அவர்மேல் நிர்வாக அதிகாரம் இல்லாத ஒரு மூத்த குருவைத் துணையாக நியமிக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆயர்கள் இதற்கு மிகவும் ஏற்றவர்கள். சேகரம் மாறினாலும் அந்தத் துணை மாறக்கூடாது. இளையவர் சொன்னது கமிட்டிக்குப் போகவும் கூடாது. உபதேசியார்களையும் பெண் ஊழியர்களையும் முதல் ஆண்டிலேயே இந்த ஏற்பாட்டில் சேர்க்க வேண்டும். இராஜநாயக்கனின் இடத்தில் இன்று நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.