விரல் மட்டும் அசையும் வில்

வான்கோழிக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. சும்மா நின்றாலே ஏறக்குறைய முக்கால் வட்டம் அதன் பார்வைக்குள் வந்துவிடும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் மிச்சமும் அடங்கும். நிறங்களை நம்மைவிட நுட்பமாகப் பிரித்தறியும். மோப்பம் மட்டும் மந்தம். அமெரிக்கக் காடுகளில் வசந்தகாலத்து விடியலில் வில்லோடு இதைத் தேடிப் போகிறவருக்குப் பெரிய இடைஞ்சல் தூரமும் அல்ல, இருட்டும் அல்ல, அவருடைய கையேதான். சாதாரண வில்லில் பறவை பக்கத்தில் வந்த பிறகுதான் நாணை இழுக்க முடியும். முழங்கை பின்னால் போக வேண்டும், தோள் விரிய வேண்டும். அந்த ஓர் அசைவு அதன் கண்ணில் பட்டால் போதும், அன்றைய வேட்டை முடிந்தது.

குறுக்குவில் அந்த அசைவை விடிவதற்கு முன்பே முடித்து வைத்துவிடுகிறது. முன்முனையில் இருக்கும் மிதிவளையத்துக்குள் காலை நுழைத்து, வில்லைத் தரையோடு அழுத்தி, கொக்கிக் கயிற்றை இரு கைகளாலும் ஒரே சீராக மேலே இழுத்தால் நாண் பின்னால் வந்து பூட்டில் விழும். ஒரு கை முந்திவிட்டால் நாணின் நடு ஒரு பக்கம் தள்ளிப் பூட்டிக்கொள்ளும். இங்கே மயிரிழையாக இருந்த பிழை முப்பது மீட்டரில் பறவையையே தவறவிடும். பிறகு குட்டை அம்பைப் பள்ளத்தில் கிடத்தி, அதன் வால் நாணைத் தொடும்வரை தள்ள வேண்டும். இடையில் சந்து விட்டுவிட்டால் நாண் வெறுமனே அடித்து வில்லின் கையே உடைந்துபோகலாம். இத்தனையும் இருட்டில், விரல் நுனிகளின் பழக்கத்தில் நடக்கிறது. அதன்பின் வில் தன் வலிமை முழுவதையும் அடக்கிக்கொண்டு மடியில் கிடக்கும். பறவை வந்து நிற்கும்போது அது மனிதனிடம் கேட்பது ஓர் ஆள்காட்டி விரலின் அசைவை மட்டும்.

இந்த வில்லைப் புகழ்கிறவர்கள் வேகத்தைத்தான் முதலில் சொல்வார்கள். இன்றைய வேட்டை வில்கள் நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் அம்பை அனுப்புவது உண்மைதான். ஆனால் எனக்கு இதன் அழகு, எய்கிறவனை அசையாமல் இருக்கவைக்கிறதே, அதில்தான் இருக்கிறது. மிகப் பழைய கருவி இது. சீனத்தில் சின் பேரரசரின் சுடுமண் வீரர்கள் நிற்கும் குழிகளில் இதன் வெண்கல விசைகள் கிடைத்திருக்கின்றன. மதுரை மதிலில் இருந்த பொறிகளை அடுக்கும் சிலப்பதிகாரம் வளைவிற்பொறி என்ற எந்திர வில்லைச் சொல்கிறது. நிக்கோபார் தீவினர் குறுக்குவில்லால் பறவை வேட்டையாடியிருக்கிறார்கள். மதிலில் நின்றவனும் மரத்தடியில் உட்கார்ந்தவனும் காத்திருக்க வேண்டியவர்கள். அவர்களுக்குத் தோள் சோராத வில் வேண்டியிருந்தது.

கைக்கு வேலை இல்லாமல் போகும்போது வேலை முழுவதும் காதுக்கும் குரலுக்கும் வந்து சேர்கிறது. அங்கேதான் எனக்கு மனம் லயிக்கிறது. வான்கோழி இரவில் மரத்தின்மேல் அடையும். கிழக்கு வெளுக்கும் முன்பே சேவல் கிளையிலிருந்தபடி தொண்டைக்குள் உருட்டி உருட்டிக் கத்தத் தொடங்கும். ஆந்தை அலறினாலும், காகம் கரைந்தாலும், ஏன், இடி இடித்தாலும்கூட பொறுக்காமல் பதில் கத்திவிடும். வேட்டைக்காரர் ஆந்தைபோல ஒரு முறை குரல் கொடுத்து, அது எந்த மரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார். அதன்பின் பெட்டையின் குரலுக்கு மாறுவார். அதற்கு மரப்பெட்டி உண்டு, அதன் மூடியை விளிம்பில் உரசினால் பெட்டை கூப்பிடும். சிலேட்டுத் தகட்டில் குச்சியைச் சின்ன வட்டமாகத் தேய்ப்பவர்கள் உண்டு. நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் மெல்லிய ரப்பர்த் தோலை அடக்கிக்கொண்டு ஊதுகிறவர்கள் உண்டு. இவர்களுக்குக் கை தேவையே இல்லை. குறுக்குவில்லுக்குப் பொருந்தியது இந்தக் கடைசி வகைதான். பால்மரக் காட்டில் பிறந்த எனக்கு, அந்தக் குரலும் ரப்பரிலிருந்து வருகிறது என்பதில் ஒரு தனி மகிழ்ச்சி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதுதான் இந்த வேட்டைக்கு உயிர். இயற்கையில் சேவல் கூப்பிடும், பெட்டை அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரரோ பெட்டையாக நின்று சேவலை வரச் சொல்கிறார். அதனால் அனுபவப்பட்ட சேவல் ஐம்பது அறுபது மீட்டர் தொலைவு வரைக்கும் வந்து நின்றுவிடும். அங்கேயே வாலை விசிறியாக விரித்து, இறக்கை நுனியால் தரையை உரசி, முன்னும் பின்னும் நடந்து காட்டும்: நான் இங்கே இருக்கிறேன், நீ வா. கற்றுக்குட்டி இந்த நேரத்தில் இன்னும் பலமாகக் கூப்பிடுவார். தேர்ந்தவர் நிறுத்திக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்துச் சருகை விரல்களால் கிளறுவார். ஒரு கிளறல், சின்ன இடைவெளி, பிறகு தொடர்ந்து இரண்டு. பெட்டை இரை தேடுகிறது, சேவலைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை என்று அந்தச் சத்தம் சொல்கிறது. அத்தனை கூப்பாட்டுக்கும் வராத சேவல் அந்தச் சருகு ஓசைக்கு வந்துவிடுவதுண்டு.

வருகிற சேவலின் தலையைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கணத்துக்குக் கணம் நிறம் மாறும். மூக்கின்மேல் குட்டையாக நின்ற சதை நீண்டு அலகைத் தாண்டித் தொங்கும். 1612-இல் முகலாய அதிகாரி முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்த அரிய உயிர்களில் ஒரு வான்கோழியைக் கண்ட பேரரசர் ஜஹாங்கீர், இந்த நிறமாற்றத்தையும் நீண்டு குறுகும் அந்தச் சதையையும் தம் நினைவுக் குறிப்பில் விவரமாக எழுதி வைத்தார். கேட்பதைவிடப் பார்த்தால் வியப்பு கூடும் என்று ஓவியமாகவும் தீட்டச் சொன்னார். அவருடைய ஓவியர் மன்சூர் வரைந்த அந்த வான்கோழி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுத்துச் சதையின் மடிப்புகளையும் இறகின் வரிகளையும் அதில் ஒவ்வொன்றாகப் பின்தொடரலாம். வேட்டைக்காரர் மரத்தடியில் அசையாமல் பார்ப்பதும் மன்சூர் தூரிகையோடு பார்த்ததும் ஒரே பார்வைதான் என்பேன்.

வான்கோழி எங்கள் மலாக்காக் காடுகளின் பறவை அல்ல. ஆனால் இந்தக் கலையின் உடன்பிறப்பு எங்கள் ஊரான புலாவ் செபாங்கைச் சுற்றியும் உண்டு. தம்பினுக்கும் எங்களுக்கும் பொதுவான ரயில் நிலையத்தை விட்டுத் தோட்டங்களுக்குள் இறங்கினால், முன்பு பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. அதன் உதிரிப் பழத்துக்கும் கறையானுக்கும் காட்டுக்கோழி வரும். உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் முதன்மையான மூதாதை அந்தச் செங்காட்டுக்கோழிதான். வீட்டுச் சேவலுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் என் பெரியப்பா முறையுள்ள ஒருவர். “டேய் தம்பி, கடைசியைக் கேளு. நம்ம வீட்டுச் சேவ இழுத்து முடிக்கும். இது வெடுக்குன்னு அறுத்துரும். அறுத்துச்சா? அதான் காட்டுது.” அன்றிலிருந்து விடிகாலையில் எந்தச் சேவல் கூவினாலும் அதன் கடைசி எழுத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெட்டைகளோடு காட்டுச் சேவல் கலந்து, அந்த வெடுக்கும் இழுவையும் குழம்பிய குரல்களும் இப்போது கேட்கின்றன.

கம்பம் எனப்படும் மலாய்க் கிராமங்களில் இந்தக் காட்டுக்கோழியைப் பிடிக்க டெனாக் வைப்பார்கள். பழகிய ஒரு சேவல்தான் டெனாக். காட்டோரம் ஒரு சின்ன வெளியைப் பெருக்கி, முளை அடித்து, அதன் காலைக் கயிற்றில் கட்டி, சுற்றிலும் ராச்சிக் என்னும் கண்ணிகளை வரிசையாக நடுவார்கள். டெனாக் இறக்கையை அடித்துக் கூவும். தன் எல்லைக்குள் இன்னொருவன் குரலா என்று காட்டுச் சேவல் சினந்து வரும். வான்கோழி ஆசையால் வருகிறது. இது ரோஷத்தால் வருகிறது. டெனாக் வைப்பவரின் நயமெல்லாம் சேவலைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. அது அஞ்சாமல் கூவ வேண்டும், ஆனால் கயிற்றை இழுத்துத் திணறக் கூடாது. எதிரி முன்னால் வந்து நின்ற பிறகு பின்வாங்கவும் கூடாது. சிலாங்கூரில் அரசுப் பணியில் இருந்த ஸ்கீட் 1900-இல் வெளியிட்ட மலாய் மந்திரங்கள் பற்றிய நூலில், காட்டுப்புறாவை மூங்கில் குழலால் கூப்பிட்டு, இலைக் குடிலுக்குள் ஒளிந்திருந்து பிடிக்கும் முறையை மந்திரங்களோடு பதிந்து வைத்திருக்கிறார். ஒளிவிடம், கள்ளக்குரல், காத்திருப்பு மூன்றும் அதிலும் இருக்கின்றன. இப்போது மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக்கோழி பாதுகாக்கப்பட்ட உயிர். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. அது சரியான சட்டம். கூவலின் கடைசி எழுத்தைக் கேட்டு ரசிக்க எந்த உரிமமும் வேண்டாம்.

பழக்கிய உயிரைக் காட்டி அதன் இனத்தை அழைப்பது தமிழருக்கும் பழைய தொழில். புறநானூற்றின் 320-ஆம் பாட்டில் வீரை வெளியனார் ஒரு வேட்டுவன் வீட்டு முற்றத்தைக் காட்டுகிறார். வேட்டுவன் அயர்ந்து தூங்குகிறான். அவன் பார்வையாக, அதாவது இனத்தை ஈர்க்கும் விலங்காகக் கட்டி வைத்திருக்கும் பெண்மானைத் தேடித் தனித்த கலைமான் ஒன்று வந்து அதனோடு விளையாடுகிறது. பிடிக்கக் காத்திருந்த வேளை இதுதான். மனைவியோ அவனை எழுப்பவில்லை. அவன் விழித்துவிடக் கூடாது, மான்களும் பிரிந்துவிடக் கூடாது என்று ஓசை எழுப்பாமல் இருக்கிறாள். மான்தோலில் உலர்த்திய தினையைக் கானக்கோழியும் இதல் பறவையும் வந்து தின்றுகொண்டிருக்கின்றன. அவள் அவற்றையும் விரட்டவில்லை. வேட்டையின் நுணுக்கம் இதைவிடச் சிறப்பாகப் பாடப்பட்டு நான் படித்ததில்லை. அந்த மனைவிக்கு ஒரு பறவை எப்போது விலகிப் போகும், ஒரு மான் எந்த ஒலிக்குத் தலை நிமிரும் என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் அவளால் அவற்றை விட்டுவைக்கவும் முடிகிறது.

மறுபடி அமெரிக்கக் காட்டுக்கு வருவோம். சேவல் இப்போது கடைசித் தூரத்தில் நிற்கிறது. முப்பது மீட்டரை அம்பு கடக்க ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். விசையின் ஓசையோ 0.1 நொடிக்குள் பறவையின் காதுக்குப் போய்விடும். இடையில் இருக்கும் 0.2 நொடி கூர்மையான பறவைக்குத் தாராளம். பதினைந்து மீட்டருக்கு அழைத்துவிட்டால் அந்த இடைவெளி பாதியாகக் குறைகிறது. அதனால்தான் தேர்ந்தவர்கள் வில்லின் வேகத்தை நம்பித் தூரத்தைக் கூட்டுவதில்லை. பொம்மைப் பெட்டையைப் பக்கத்திலேயே நடுகிறார்கள். அதற்கு அருகே இளஞ்சேவல் பொம்மை ஒன்றையும் வைத்து, அதன் முகம் தங்களைப் பார்க்கும்படி திருப்பிவிடுவார்கள். இதில் உள்ள யோசனையை முதலில் அறிந்தபோது வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வருகிற சேவல் போட்டிக்காரனை முகத்துக்கு முகம் எதிர்கொள்ளும். அப்படி நின்றால் அதன் முதுகு வேட்டைக்காரர் பக்கம் திரும்பும். விரித்த வால் விசிறி அதன் கண்களையே மறைத்துவிடும். முக்கால் வட்டம் பார்க்கும் பறவை, தன் தோகையாலேயே தனக்குத் திரை கட்டிக்கொள்கிறது.

அந்த விரிந்த உருவம் ஏமாற்றும். சிலிர்த்த இறகுகளுக்கு நடுவில் அம்பு சேர வேண்டிய இடம் ஒரு கைமுட்டி அளவுதான். பக்கவாட்டில் நின்றால் காலுக்கு மேலே இறக்கை உடலோடு சேரும் மூட்டு. முதுகு காட்டி நின்றால் வால் முளைக்கும் அடி. நேராக நின்றால் மார்பில் தொங்கும் தாடி தொடங்கும் இடம். இவற்றில் ஒன்று தெளிவாகத் தெரியாதவரை விரல் அசையக் கூடாது. வில்லின் கைகள் குறுக்கே விரிந்து போகும் இடத்தில் செடியோ கூடாரத் துணியோ தட்டக் கூடாது. பெருவிரல் நாண் பாயும் பள்ளத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மறந்தவர்களின் விரல் நுனியை நாண் விட்டுவைப்பதில்லை.

இந்த வேட்டைக்கு இன்று பறவை இருப்பதே ஒரு மீட்சியால்தான். 1930-களில் வெகுவாகச் சுருங்கிப்போன காட்டு வான்கோழிகள் பின்னர் 60 இலட்சத்துக்கும் மேலாகப் பெருகின. 1937-இல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிகள் மீதான வரியை வனவிலங்குப் பணிக்குத் திருப்பியது. பிற்பாடு வில்லும் அம்பும் அதில் சேர்ந்தன. பீரங்கி வெடித்து வீசும் வலைகளால் காட்டுப் பறவைகளைப் பிடித்து, அவை அற்றுப்போன காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். வசந்தத்தில் மார்பில் தாடியுள்ள பறவையைத்தான் பெரும்பாலும் எய்யலாம். நியூயார்க் போன்ற மாநிலங்களில் அந்த வேட்டை நண்பகலோடு முடிந்துவிட வேண்டும். அடைகாக்கும் பெட்டைகளைத் தொந்தரவு செய்யாதிருக்க அந்த ஏற்பாடு.

பெரும்பாலான நாள்களில் சேவல் வராது. ஏற்றிய குறுக்குவில்லை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. பல வில்களில் நாணைக் கையால் மெல்லத் தளர்த்த வழியில்லை. அதற்கென்று மழுங்கிய தலையோடு ஓர் அம்பைக் கூடவே எடுத்துப் போகிறார்கள். நண்பகலில் அதை வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாகத் திரும்பி, மெத்தென்ற மண் பார்த்து எய்துவிட்டு, அம்பைப் பிடுங்கித் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.