அழிவின் கணக்கு: திருகோணமலை மாவட்டத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கவிதையும் நாவலுமே திறனாய்வுக்குரியவை என்றொரு எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அறிக்கையும் அட்டவணையும் பொருளியலாளருக்கென ஒதுக்கப்பட்டுவிட்டன. ஆயின் அவையும் பனுவல்களே. அவற்றுக்கும் ஆசிரியர் உண்டு, நோக்குநிலை உண்டு, கூறியதும் கூறாது விட்டதும் உண்டு. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர், ஆசிய அபிவிருத்தி வங்கி, சர்வதேச ஒத்துழைப்புக்கான யப்பான் வங்கி, உலக வங்கி ஆகிய மூன்றும் இணைந்து 2005 ஜனவரியில் தயாரித்த பூர்வாங்கச் சேத மதிப்பீட்டை அத்தகையதொரு பனுவலாகக் கொண்டு, திருகோணமலைக் கரையில் நின்று வாசிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்த மதிப்பீட்டின்படி இலங்கையின் சொத்துச் சேதம் ஏறத்தாழ 100 கோடி அமெரிக்க டொலர். அன்றைய மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 4.5 சதவீதம். உற்பத்தி இழப்பு 33 கோடி டொலர். மீளமைப்புத் தேவை 150 கோடி டொலர் அளவினது. உட்பிரிவுகளை நோக்கினால் சுற்றுலாத்துறையின் சொத்துச் சேதம் 25 கோடி எனவும் மீன்பிடித்துறையின் சேதம் 9.7 கோடி எனவும் காண்கிறோம். நாட்டின் மீன்பிடிக் கலங்களுள் மூன்றில் இரண்டு பங்களவு அழிந்தும், கடற்றொழிலாளரின் சேதம் விடுதிகளின் சேதத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. இதிற் பொய்யில்லை. விடுதியின் விலை அதிகம், வள்ளத்தின் விலை குறைவு; கணக்கு விலையைத்தான் கூட்டுகிறது. ஆனால் விலையின் வரிசை துயரத்தின் வரிசையாகவும், பின்னர் உதவியின் வரிசையாகவும் வாசிக்கப்படும்போதே இடர்ப்பாடு எழுகிறது.

இக்கணக்கு முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1972 டிசம்பரில் நிக்கராகுவாவின் தலைநகரான மனாகுவாவைப் பூகம்பம் தகர்த்தது. அவ்வழிவை மதிப்பிட்ட இலத்தீன் அமெரிக்காவுக்கான ஐக்கிய நாடுகள் பொருளாதார ஆணைக்குழு, அவ்வனுபவத்திலிருந்து படிப்படியாக ஒரு முறையியலை வகுத்து 1991இல் கைநூலாக வெளியிட்டது. சேதம் வேறு, இழப்பு வேறு என்பது அதன் அடிப்படை. உடைந்த வள்ளம் சேதம். அவ்வள்ளம் இல்லாமையால் வராது போன மீன் இழப்பு. முன்னது இருப்பு, பின்னது ஓட்டம். இவ்வேறுபாடு மிகப் பயனுடையது. எனினும் ஒரு பொறி இதனுள் உண்டு. வள்ளத்தின் விலை என்பதே அது எதிர்காலத்தில் ஈட்டித் தரவிருக்கும் வருவாயின் இன்றைய பெறுமதிதான். விலையையும் எழுதி, அதன் ஆயுட்கால வருவாயையும் எழுதினால் ஒன்றை இருமுறை எண்ணியவராவோம். ஆகவேதான் புது வள்ளம் கிடைக்கும் வரையுள்ள இடைக்காலத்து வருவாயை மட்டுமே இழப்பாகக் கொள்ளுதல் முறை. புது வள்ளம் எப்போது கிடைக்கும் என்பதை முன்கூட்டியே யார் சொல்வது?

இடைக்காலத்தின் நீளம் மட்டுமன்று, அது எப்பருவத்தில் விழுகிறது என்பதும் முக்கியமானது. கிழக்குக் கரையில் டிசம்பர் மாரிகாலம், கடல் கொந்தளிக்கும், தொழில் குன்றும். மார்ச் அளவில் கடல் அடங்கிய பின்னரே கரைவலைத் தொழில் சூடுபிடிக்கும். மேற்குக் கரையிலிருந்து தொழிலாளர் வந்து வாடியடிப்பதும் அப்போதுதான். டிசம்பர் மாதத்து நாள் வருவாயை அளவுகோலாக்கினால் இழப்பு சிறுத்துத் தோன்றும். ஆண்டுச் சராசரியைக் கொண்டால் ஓரளவு நியாயமாகும். நாட்டின் தென்மேற்குக் கரையில் அதே டிசம்பர் நல்ல பருவம்! ஒரே அலை இரு கரைகளில் இரு வேறு காலங்களைத் தாக்கியிருக்கிறது. நாடு முழுமைக்குமான ஒற்றைத் தொகையில் இது புலப்படாது.

துறைமுகத்தையும் கிண்ணியாவையும் ஒப்பிட்டு நோக்கினால் மற்றொரு குறை தெளிவாகும். குறுகிய வாயிலையுடைய உட்குடா துறைமுகத்தைப் பெரும்பாலும் காத்தது. கொட்டியாரக் குடாவின் கரையிலிருந்த கிண்ணியாவுக்கு அப்பாதுகாப்பு இல்லை. அங்கிருந்த வைத்தியசாலையே அழிந்தது. கட்டடத்தின் விலையைச் சேதப் பட்டியலில் எழுதிவிடலாம். ஆனால் அதன்பின் ஒவ்வொரு நோயாளியும் பாதையேறி நகருக்குச் சென்று வந்த செலவும் நேரமும்? (பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது.) கைநூலின் இலக்கணப்படி இவையும் இழப்பே. பூர்வாங்க மதிப்பீட்டின் 33 கோடியோ மீன்பிடி, சுற்றுலா ஆகிய இரண்டிலிருந்து மட்டும் திரட்டப்பட்டது. நீர் சுமப்பது, சமைப்பது, பிள்ளை பராமரிப்பது, கருவாடு காயவைப்பது ஆகிய பெண்களின் உழைப்புக்கும் அதில் இடமில்லை. இத்தனைக்கும் அக்கைநூலின் 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் பெண்கள்மீதான தாக்கத்துக்கெனத் தனிப்பகுதியே உண்டு. இலக்கணம் அறிந்தும் வழுவுவதை எவ்வாறு அமைதி கூறி ஏற்பது?

இவை திருத்தக்கூடிய குறைகள். அடிப்படையான குறை பிறிதொன்று. சேதம் என்பது முன்னிருந்த நிலைக்கும் பின்னுள்ள நிலைக்கும் இடையிலான வேறுபாடு. அப்படியாயின் முன்னிருந்த நிலை எது? திருகோணமலை மாவட்டம் இருபது ஆண்டுக்காலப் போரினால் சிதைந்திருந்தது. கடற்றொழிலுக்கு நேரத்தடையும் இயந்திரத்தடையும் இருந்தன. 2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தத்தின் பின் ஊர் திரும்பியவர் பலர் ஓலைக் கொட்டிலிலேயே இருந்தனர். கொட்டிலைக் கடல் கொண்டுபோனால் சேதம் ஒரு கொட்டிலின் விலை. அதற்கு முன் அவ்விடத்தில் நின்ற கல்வீடு இக்கணக்குக்கு உரியதன்று. அது, ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஐக்கிய நாடுகள் அமைப்பும் உலக வங்கியும் 2003 மே மாதத்தில் தயாரித்த போர்ப்பிரதேசத் தேவை மதிப்பீட்டுக்கு உரியது. ஒரே குடும்பத்தின் ஒரே வளவு, இரண்டு ஏடுகள். ஏற்கெனவே இழந்தவனிடம் இழக்க அதிகம் இல்லை. ஆகவே அவனது சேதம் குறைவு. வறியவன் எவ்வளவு வறியவனோ அவ்வளவுக்கு அழிவு சிறிதாகத் தோன்றும் இத்தர்க்கத்தைப் பொருளியல் நூல்கள் முரண்பாடாகக் கருதுவதில்லை. நாம் கருதுதல் வேண்டும்.

அலை வடிந்தபின் நேர்ந்த இழப்பும் உண்டு. 2005இல் கடலோரத் தடைவலயம் விதிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அவ்வாண்டின் பிற்பகுதியில் அது தளர்த்தப்பட்டது. இடையில் தன் வளவில் வீடு கட்ட இயலாது முகாமில் கழிந்த மாதங்களை இயற்கையின் கணக்கில் எழுதுவதா, நிருவாகத்தின் கணக்கில் எழுதுவதா? எழுதப்படாமலே போயிற்று என்பதுதான் விடை.

நாட்டுக் கணக்கின் விந்தையையும் ஈண்டுக் குறிப்பிடலாம். ஆழிப்பேரலைக்கு அடுத்த 2005ஆம் ஆண்டில் இலங்கைப் பொருளாதாரம் ஏறத்தாழ 6 சதவீதம் வளர்ந்தது. மீளக்கட்டும் வீட்டுக்கு விற்கும் ஒவ்வொரு சீமெந்து மூடையும் வளர்ச்சியாகவே பதியும்; இடிந்த வீடு எங்கும் கழிக்கப்படாது.

இவ்வளவும் கூறியமையால் எண்களையே கைவிடுக என்பது எமது கருத்தன்று. அவ்வாறு வாதிடுவோரும் உளர். துயரத்தை அளக்கலாமா என்பர். எண் இல்லாத இடத்தில் குரல் வலியவனுக்கே உதவி போய்ச்சேரும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையைக் கடந்தது. உயிர்ச்சேதம் பெரிதாக இல்லாமையால் இன்று அது நினைவுகூரப்படுவதும் இல்லை. இத்தகைய சிறு அழிவுகளுக்கு எண்ணே ஒரே சாட்சி.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலுக்கு உலக வங்கி சில வாரங்களுக்குள்ளேயே ஓர் எண் தந்தது: 410 கோடி டொலர், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 4 சதவீதம். இது நேரடிப் பௌதிகச் சேதம் மட்டுமே. வருமான இழப்பு இதிற் சேராது. விரைவுக்காகக் கொடுக்கப்பட்ட விலை அது. அப்புயலின்போது மாவிலாற்றின் அணைக்கட்டு உடைந்து சேருவில, மூதூர், வெருகல் பகுதிகள் நீரில் மூழ்கின. 2006 ஜூலையில் அதே மாவிலாற்றின் மதகு மூடப்பட்டதிலிருந்தே அப்பகுதி மக்களின் அடுத்த இடப்பெயர்வு தொடங்கியது. இம்முறை நீர் வந்தது பெரும்போகத்தின் தொடக்கத்தில். நவம்பர் வயலில் நிற்பது இளம்பயிர். அதன் பெறுமதி விதைநெல்லும் உழவுகூலியும் உரமுமாகவே கணிக்கப்படும். அந்த உரத்துக்காக அடகு வைத்த நகையின் வட்டி, அறுவடையில்லாத மாசியிலும் பங்குனியிலும் ஏறிக்கொண்டிருக்கும். அதற்கான நிரல் எந்த ஏட்டிலும் இன்னும் வரையப்படவில்லை.