அடிவாரத்தில் அடித்த நகிரி

வெட்டும் வாய் 17 சென்டிமீட்டர். அகலம் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதுகுக் கனம் 3 மில்லிமீட்டர். எடை கால் கிலோவை நெருங்குகிறது. இரண்டு முகத்திலும் சம்மட்டித் தழும்புகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் தேய்க்க வேண்டாமென்று நான்தான் சொன்னேன். வடிவம், ஜப்பானியர்கள் காய்கறிக்கென்றே வைத்திருக்கும் நகிரி என்ற செவ்வகக் கத்தியினுடையது. உலோகம், ஏதோ ஒரு லாரிக்கு அடியில் கிடந்து தேய்ந்த ஸ்பிரிங் பட்டை. பிடி, எஸ்டேட்டில் பிடுங்கிப்போட்ட கிழட்டுக் காபிச் செடியின் தண்டு. செய்தவர் ஏற்காடு அடிவாரத்தில் பட்டறை வைத்திருப்பவர்.

ஜப்பானிலேயே ஆர்டர் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்கலாம். ஒசாகா பக்கத்துச் சாகாய், நிகாட்டாவின் சான்ஜோ, கொச்சி மாநிலத்து தோசா எல்லாம் கத்திக்குப் பெயர்போன இடங்கள். சாகாயில் ஒருவர் அடிப்பார், இன்னொருவர் சாணை பிடிப்பார், மூன்றாமவர் பிடி போடுவார். மூன்றும் தனித்தனித் தொழில். அவர்கள் விரும்பும் எஃகு ஷிரோகாமி, ஆவோகாமி என்ற இரண்டு வகை. யாசுகி ஊரில் ஹிட்டாச்சி மெட்டல்ஸ் நிறுவனம் செய்துவந்தது. 2023 முதல் அதன் பெயர் புரோட்டீரியல். ஷிரோகாமி இரண்டாம் நம்பரில் கார்பன் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் 60ஐத் தாண்டும். ஜெர்மன் கத்திகள் 56, 58 அளவில் நின்றுவிடும்.

செய்பவரிடம் நேரடியாகக் கேட்டால் அவர் திருப்பிக் கேட்கும் முக்கியமான கேள்வி, எதை வெட்டுவீர்கள் என்பதுதான். ஏற்காட்டுச் சமையலறையிலிருந்து நேர்மையாகப் பதில் சொன்னால் பட்டியல் இப்படிப் போகும்: பீன்ஸ், சௌசௌ, வாழைக்காய், பரங்கி, சேனை, சீசனில் பலாக்காய், ஞாயிற்றுக்கிழமை எலும்போடு நாட்டுக்கோழி. 62 கடினமுள்ள மெல்லிய வாயைக் கோழி எலும்பில் இறக்கினால் அது பல் விழுந்து திரும்பிவரும். தபால் செலவு, சுங்க வரி எல்லாம் கட்டி இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளை வைத்துக்கொண்டு, வீட்டில் இருப்பவர்களிடம் “அதைத் தொடாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கோழிக்கு வேறு கத்தி, சேனைக்கு வேறு கத்தி என்று பிரித்து வைக்கும் வீடு எனக்கு வாய்க்கவில்லை.

அதனால் வடிவத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். காலண்டர் அட்டையில் வரைந்து, வெட்டி, பட்டறைக்குக் கொண்டுபோனேன். இப்படி ஆர்டர் கொடுக்க அட்டைதான் சரியான வழி. போனில் படம் காட்டினால் அளவு தெரியாது. பட்டறைக்காரர் அட்டையைக் கையில் பிடித்து இரண்டு தரம் காற்றில் வெட்டிப் பார்த்தார்.

“மூக்கு இல்லீங்களே?”

“வேண்டாங்கண்ணா. காய்க்குத்தான்.”

“அப்ப கனம் எவ்வளவு வைக்கட்டும்?”

இந்தக் கேள்வியில்தான் கத்தி நன்றாக வருவதும் வராததும் இருக்கிறது. அவருடைய கை கொடுவாளுக்கும் கவாத்துக் கத்திக்கும் பழகிய கை. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தின் கிளையைக் கழிக்கிற ஆயுதத்துக்கு முதுகில் ஆறு மில்லிமீட்டர் இருந்தாலும் தவறில்லை. சமையல் கத்தியில் அந்தக் கனம் இருந்தால் கேரட் வெட்டுப்படாது, பிளந்துபோகும். முதுகில் மூன்று, வாய்க்கு ஒரு விரல் மேலே ஒன்றுக்கும் கீழே என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தார். லாரிப் பட்டை எட்டுப் பத்து மில்லிமீட்டர் கனத்தில் கிடைக்கிறது. அதை அவ்வளவு மெல்லிசாக இழுக்க உலைக்கும் பட்டடைக்குமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். மெல்லிசானது சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் இன்னும் அதிகமாக நடக்க வேண்டும்.

தேய்ந்த ரம்பப் பட்டையில் செய்யலாமா என்று கேட்டேன். வேலை சுலபம்தான், ஆனால் இந்தக் காலத்து ரம்பத்தில் பல்லுக்கு ஒரு எஃகு, உடம்புக்கு ஒரு எஃகு ஒட்டி வருகிறது, பல்லை வெட்டி எறிந்தால் மிச்சம் வெறும் தகரம் என்றார். எவர்சில்வர் பக்கம் பேச்சே போகவில்லை. சேலம் உருக்காலை பக்கத்திலேயே இருக்கிறது, 1981 முதல் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டுகிறது. ஆனால் பாத்திரத்துக்குப் போகும் அந்த ரகத்தை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. கடைசியில் லாரிப் பட்டையே முடிவானது. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலில் வாழும் ஊர்கள். இந்த வட்டாரத்துப் பட்டறைகளில் நல்ல எஃகு மூலையில் குவிந்து கிடப்பதற்கு அதுதான் காரணம்.

அந்தப் பட்டையில் கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே, கூடவே சிலிக்கனும் மாங்கனீசும். மாங்கனீசுக்கு ஒரு சேலத்துக் கதை உண்டு. உருக்காலைக்குப் பக்கத்தில் நிற்கும் கஞ்சமலையின் காந்தக்கல்லைக் கரியில் உருக்கி இரும்பெடுப்பது இங்கே பழைய தொழில். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சேலத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் அதைப் பார்த்து மயங்கி, வேலையை உதறி, 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தார். ஆலை அவரைக் கரை சேர்க்கவில்லை. இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைகள் அந்த முறையைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்திக்கொண்டு அவருக்குப் பணம் தர மறுத்தன. வழக்கிலேயே மனிதர் ஓய்ந்தார்.

ஆர்டர் முடிவானதும் என் பெயரையும் போன் நம்பரையும் பட்டறை நோட்டில் எழுதினேன். 2021இல் சைலேந்திர பாபு டி.ஜி.பி.யாக இருந்தபோது, கத்தி அரிவாள் வாங்குபவர்களின் விவரத்தைப் பட்டறைகள் குறித்துவைக்க வேண்டுமென்று காவல்துறை சொன்னது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத விதிகளில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நம்முடையது அளவிலேயே தப்பிவிடுகிறது. நோட்டில் எதற்கு என்ற பத்தியில் பட்டறைக்காரர் “காய் நறுக்க” என்று எழுதிக்கொண்டார். அதற்கு முந்தைய வரியில் “வாழைத்தார்” என்று இருந்தது.

தோய்ச்சல் நாளன்று கூடவே இருக்க அனுமதி கேட்டு வாங்கினேன். உலைக்கு மேலே சாக்குத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்தார். வெயிலில் பார்த்தால் நிறம் ஏமாற்றிவிடும். எஃகு காந்தத்தை விட்டுவிடும் சூடு 770 டிகிரி அளவில். அதைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியதும் தோய்க்க வேண்டும். அவரிடம் காந்தமும் இல்லை, வெப்பமானியும் இல்லை. கண்தான். கொடுவாளைத் தண்ணீரில் தோய்ப்பவர், இதைப் பழைய இன்ஜின் ஆயிலில் இறக்கினார். மெல்லிசுக்குத் தண்ணி காட்டினால் விரிசல் விடுங்க என்றார். பிறகு முகத்தை உரசி வெளுப்பாக்கி, முதுகைக் கனல் மேல் காட்டி, மஞ்சள் நிறம் மெல்ல வாய்ப்பக்கம் இறங்குவதைப் பார்த்து நிறுத்தினார். நீலம் வாயைத் தொட்டால் கத்தி மெத்தென்று ஆகிவிடும். அரம் போட்டுப் பார்த்தோம்; வழுக்கிக்கொண்டு போனது. அங்கே எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது.

மீதி நம்பிக்கை அடுப்படியில் ஆட்டம் கண்டது. நகிரியின் வாய் பலகையில் முழுக்கப் படிய வேண்டும். இதில் நடுவே தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. பீன்ஸ் நறுக்கினால் துண்டுகள் அடித்தோலில் ஒட்டிக்கொண்டு சரவெடிபோல் தொங்கின. முதுகின் ஓரம் ஆள்காட்டி விரலைக் கீறியது. திரும்பக் கொண்டுபோனபோது அவர் வாதாடவில்லை. கிரைண்டரில் வைத்தார், ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனைத்தார். இதைக் கவனிக்க வேண்டும்: கிரைண்டர் சூட்டில் வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போயிற்று. அவசரக்காரர் கையில் நல்ல கத்தியும் அங்கேதான் கெடும். இருபது நிமிடத்தில் வாய் நேரானது, முதுகு உருண்டது, காசு கேட்கவில்லை. நேரடியாக ஆர்டர் கொடுப்பதன் லாபம் எனக்கு இங்கேதான் தெரிந்தது. ஜப்பானில் செய்து வாங்கிய கத்தியை அரை மில்லிமீட்டர் இடைவெளிக்காக யார் திருப்பி அனுப்பப் போகிறார்கள்?

இப்போது வெட்டு. சௌசௌ, முட்டைகோஸ், பீன்ஸ் இவற்றில் கத்தி தன் எடையிலேயே இறங்குகிறது. பரங்கியில் நடுவழியில் கொஞ்சம் பிடிக்கிறது. கேட்ட கனத்தைவிட உடம்பு சற்றே தடிமனாக வந்ததன் விளைவு. தக்காளியில் புதிதாகத் தீட்டிய சில நாட்களுக்குப் பிரமாதம், பிறகு தோலில் தயங்கும். ஆயிரம் நம்பர் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்பிவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை: ஜப்பான் கத்திக்குச் சொல்லும் பதினைந்து டிகிரிக் கோணத்தை இதில் முயலாதீர்கள். அரை சதவீதக் கார்பன் அதைத் தாங்காது, வாய் மடங்கிவிடும். பக்கத்துக்கு இருபது வைத்தால் நிற்கிறது. மடங்குமே தவிர உடையாது என்பதுதான் இதன் பலம். சேனைக்கிழங்கையும் கோழித்தொடையையும் கண்டு இந்தக் கத்தி பயப்படவில்லை. பலாக்காய்க்கு முகமெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. கொட்டையோடு சேர்த்தே வெட்டினேன், வாயில் ஒரு பல்கூட விழவில்லை. வெங்காயத்தைப் பொடியாக அரிவதில் மட்டும், நண்பர் வீட்டில் நான் பழகிய சாந்தோக்கு என்ற ஜப்பான் கத்தி இதைவிட ஒரு படி மேல். அதை மறைப்பதில் பயனில்லை.

துரு பெரிய விஷயம், அதிலும் மலையில். மழைக்காலத்துப் பனி ஜன்னல் வழியே உள்ளே வரும் வீட்டில் கத்தியை ஈரத்தோடு வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் செம்புள்ளி தெரியும். வாழைக்காயும் வாழைப்பூவும் வெட்டினால் அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருநீலமாகப் படியும். அதைத் தேய்த்து எடுக்காதீர்கள். அந்தப் படிவம் ஏற ஏறத் துரு குறைகிறது. ஆரம்பத்தில் வெங்காயத்தில் இரும்பு வாடை வந்தது, படிவம் ஏறியதும் நின்றுவிட்டது. எலுமிச்சைக்கும் மாங்காய்க்கும் பழைய எவர்சில்வர் கத்தியையே வைத்திருக்கிறேன். ஜப்பானியர் கமீலியா எண்ணெய் தடவுவார்கள், நமக்குத் தேங்காய் எண்ணெய் போதும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும். ஆனால் மார்கழியில் ஏற்காட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடக்கும், அடுப்போரம் வைத்து எடுக்க வேண்டும்.

பிடியைப் பற்றிக் குறையில்லை. காபித் தண்டு கெட்டியானது, வழவழப்பானது, தண்ணீரை அதிகம் குடிப்பதில்லை. பித்தளைப் பூண் மட்டும் தேவைக்கு மேல் கனம். அதனால் எடை கைப்பக்கம் சாய்கிறது. அரிவாள்மணையில் உட்கார்ந்தே அரிந்து பழகியவர்களுக்கு இந்தக் கத்தி எதையும் கூட்டித் தராது. நின்றபடி பலகையில் வெட்டுபவர்களுக்கானது இது. பிடி, பூண், சாணை எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கும் கீழேதான் ஆனது. வாங்கிய காசைவிட அவர் உழைப்பு அதிகம் என்பது என் எண்ணம். அடுத்ததற்குக் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி, உடம்பை இன்னும் மெல்லிசாக இழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் போவதானால் அட்டையில் வடிவம் வெட்டிக்கொண்டு போங்கள், முதுகின் கனத்தையும் வாய்ப்பக்கத்துக் கனத்தையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், மரப்பலகை ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் வாய் படிகிறதா என்று அங்கேயே பாருங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். காபி அறுவடை முடிந்து கவாத்து தொடங்கும் நேரம் அது. எஸ்டேட் கத்திகளெல்லாம் சாணைக்கு வந்து வரிசையில் கிடக்கும்போது உங்கள் நகிரியை யாரும் தொடமாட்டார்கள்.