எலோடியின் மோதிரம்

புரட்சி என்னும் சொல் தமிழில் பெரும்பாலும் விடியலின் சொல்லாகவே வழங்கி வருகின்றது. பாரதியார் 'புதிய ருஷியா'வில் ஜார் மன்னன் வீழ்ந்ததைப் பாடினார். நம் மேடைகள் இன்றும் அவ்வீழ்ச்சியையே முழங்குகின்றன. புரட்சி எவ்வாறு முடிந்தது எனக் கேட்போர் சிலரே. அவ்வினாவைத் துணிந்து எழுப்பிய புதினம், பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்சு 1912இல் வெளியிட்ட 'தேவர்களின் தாகம்'.

கதைத்தலைவன் காமலின் ஓர் ஏழை ஓவியன். வரிசையில் நின்று பெற்ற ரொட்டியில் பாதியைப் பசித்த தாயொருத்திக்கு ஈபவன். அத்தகையவன் புரட்சி நீதிமன்றத்தில் ஜூரியாக அமர்கின்றான். முதல் வழக்கில் போதிய சான்றில்லை என்று ஒருவனை விடுவிக்கவும் செய்கின்றான். பின்னர் 1794 சூன் 10ஆம் நாள் இயற்றப்பெற்ற சட்டம், குற்றஞ்சாட்டப்பட்டோர்க்கு வழக்கறிஞரையும் மறுத்தது. அடுத்த ஏழு வாரங்களில் பாரிசில் மட்டும் ஏறத்தாழ 1,400 பேர் கில்லட்டினுக்கு இரையாயினர் என்பது வரலாறு. புதினத்தில் அவ்வரிசையில் நிற்பவர், காமலினின் வீட்டிலேயே குடியிருந்த முதியவர் புரோத்தோ. பொம்மை செய்து விற்றுப் பிழைத்தவர், லுக்ரீசியசின் நூலைச் சட்டைப்பையில் சுமந்து திரிந்தவர்.

ஆசிரியர் காமலினைக் கொடியவனாகப் படைக்கவில்லை. நல்லவனாகவே வைத்து நம்மை நடுங்கச் செய்கின்றார். சூலை 28ஆம் நாள் ரோபெஸ்பியர் தலையிழக்கின்றார், காமலினும் தப்பவில்லை. நேற்றுவரை பிறரை ஏசிய கூட்டமே அவன் வண்டியைச் சூழ்ந்து ஏசுகின்றது. அப்போதும் அவன் வருந்துவது கொன்றதற்காக அன்று, இரக்கங்காட்டிவிட்டோமே என்பதற்காக! இந்த ஓரிடத்திற்காகவே இந்நூலைப் படிக்கலாம்.

பிறகு பாரிசு மீண்டும் கேளிக்கைக்குத் திரும்புகின்றது. காதலி எலோடி அவன் நண்பனை ஏற்று, காமலினுக்குச் சொன்ன அதே சொற்களால் அவனுக்கும் விடைகொடுக்கின்றாள். மாராவின் முகம் பொறித்த மோதிரம் அவள் விரலில் தேய்ந்து உருவழிந்துவிட்டது. அதைக் கழற்றி நெருப்பில் எறிகின்றாள்.

இங்கேதான் நான் ஆசிரியருடன் மாறுபடுகின்றேன். புரட்சி எஞ்சவிட்டது உருகிய மோதிரம் மட்டுந்தானா? 1790இல் வகுத்த மாவட்ட அமைப்பு பிரான்சில் இன்றும் உள்ளது. மீட்டரை அளவாக்கிய சட்டம் ரோபெஸ்பியர் மாண்டபின், 1795 ஏப்ரலில்தான் வந்தது. ஒரு தெருவின் கதைக்குள் இவற்றைத் தேடலாமா என்பீர். தேட வேண்டுவதில்லை, ஆயின் வகுப்பில் இந்நூலைக் கற்பிப்போர் அத்தெருவோடு நின்றுவிடலாகாது. கடலுக்கு அப்பால் செயிண்ட் டொமிங்கு தீவின் கரும்புத் தோட்டங்களில் எழுந்த அடிமைகள் 1793இலேயே தம் விடுதலையைப் பெற்றனர். 1794 பிப்ரவரி 4ஆம் நாள் பாரிசு மன்றம் அதனை எல்லாக் குடியேற்றங்களுக்கும் சட்டமாக்கிற்று. 1802இல் நெப்போலியன் அடிமைமுறையை மீட்டுவரச் சட்டம் செய்தபோது, அம்மக்கள் பணியவில்லை. போரிட்டு வென்று 1804இல் ஹைத்தி நாட்டை நிறுவினர். எலோடி மோதிரத்தை எறிந்த பின்னரும் அவர்கள்பால் புரட்சி முடியவில்லை.

அதற்கும் ஒரு விலை குறிக்கப்பட்டது. கில்லட்டினில் மாண்ட பதினாறாம் லூயியின் தம்பி பத்தாம் சார்லசு, 1825இல் அவ்விடுதலையை ஏற்பதற்கு ஹைத்தியிடம் 15 கோடி பிராங்கு கேட்டார். போர்க்கப்பல்களை அனுப்பிக் கேட்டார். தோட்டங்களை இழந்த முதலாளிமார்க்கு ஈடு கொடுப்பதற்காம்.