வினவிய பின் கற்பித்தவர்

இளையோர்க்கு வழித்துணையாய் நிற்க முன்வரும் பொதுநிலையினர் பலர், "அவர்களுக்கு எதைக் கற்பிப்பது?" என்றே முதலில் மலைக்கின்றனர். இம்மலைப்போடு புனித தொன் போஸ்கோவின் 'ஆரட்டரி நினைவுக் குறிப்புகள்' நூலைத் திறப்போர்க்கு, அது எதிர்பாரா விடையொன்றை வைத்திருக்கிறது.

திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரின் பணிப்பால் எழுதப்பெற்று, சலேசியர்க்கு மட்டுமே உரியதாய் இருந்த இந்நூல் 1946-இல்தான் அச்சேறியது. இதன் உயிர்நாடி 1841 டிசம்பர் 8-ஆம் நாள் தூரின் நகர் ஆலயமொன்றில் நிகழ்ந்த உரையாடல். கோவில்பிள்ளையிடம் அடிபட்டு நின்ற பதினாறு வயதுக் கொத்துவேலைச் சிறுவன் கரெல்லியிடம் பெயர், ஊர், பெற்றோர், எழுத்தறிவு, புதுநன்மை என ஒவ்வொன்றாய் வினவுகிறார் இளங்குரு. மறைக்கல்விக்கு ஏன் செல்வதில்லை எனக் கேட்கையில், சிறியோர் அறிந்ததைத் தான் அறியாத வெட்கத்தை அவன் வெளியிடுகிறான். தனியே கற்பித்தால் வருவாயா என்பது அடுத்த வினா. அறியாமைக்கு முன் வெட்கத்தைக் கண்டுகொண்ட அவ்வினாவே இப்பகுதியின் இலக்கியச் சிறப்பும் ஆன்மிகச் சிறப்பும் ஆகும். மறையுரைகளில் நாம் சுவைக்கும் சீழ்க்கைக் கதை இங்கில்லை. அது பின்வந்த வரலாற்றாசிரியர் சேர்த்தது. அஃதின்றியும் காட்சி நிறைவாகவே உள்ளது.

தோல்வியையும் நூல் மறைக்கவில்லை. இரவு தங்க இடம் பெற்ற இளைஞர் சிலர், விடியுமுன் போர்வைகளோடு மறைந்தனர். ஆயினும் 1847-இல் மழையில் நனைந்து வந்த அநாதைச் சிறுவனுக்குக் கதவு திறந்தது. தொன் போஸ்கோ சட்டிபானைகளை எண்ணி அஞ்சினாலும், அன்னை மார்கரீத்தா அடுக்களையிலேயே படுக்கை விரித்து, உறங்குமுன் நல்லுரை சில கூறினார். சலேசிய இல்லங்களின் 'நல்லிரவு' உரைக்கு அதுவே வித்து.

குறையொன்றும் கூறவேண்டும். முப்பது ஆண்டு கழிந்து, தம் மைந்தர்க்குப் பாடமாக ஆசிரியர் எழுதியதால், இளைஞரின் குரல் அவர் குரலுக்குள் அடங்கிப்போகிறது. அநாதைச் சிறுவனின் பெயரைக்கூட நாம் அறியோம். அன்னையின் பத்தாண்டு உழைப்பும் நூலில் பெற வேண்டிய இடத்தைப் பெறவில்லை.

எனினும் பொதுநிலையினர்க்கு ஊக்கம் அவ்வன்னையிடமே உண்டு. அவர் எழுத்தறியாதவர். அவர் தந்தவை கூழும் படுக்கையும் கனிந்த சில சொற்களுமே. நம் பங்குகளில் ஆலய வாயிலோடு நின்றுவிடும் பிள்ளைகளின் வெட்கத்தை யார் வினவி அறிவார்? அதற்குப் புலமை வேண்டா, பொறுமையே வேண்டும்.