டாட்டிங் ஷட்டிலை மரத்தில் செய்வது: சில விமர்சனக் குறிப்புகள்

டாட்டிங் லேஸ் பின்னும் ஷட்டிலை வீட்டிலேயே மரத்தில் செய்வது பற்றிய குறிப்புகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சில் இருக்கும். இலை வடிவில் இரண்டு மெல்லிய பலகை வெட்டு, நடுவில் ஒரு சின்னக் கட்டையை வைத்து ஒட்டு, உப்புத்தாளால் தேய், வார்னிஷ் அடி. அவ்ளோதான். முடிந்த பொருளும் படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்த விளக்கங்களில் நூல் எங்கேயும் வருவதில்லை. என் புகார் அதுதான்.

ஷட்டில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். டாட்டிங்கில் ஒரு இரட்டை முடிச்சுக்கு இரண்டு பாதி முடிச்சு. ஒவ்வொரு பாதிக்கும் ஷட்டில் விரல் மேலிருக்கும் நூலைத் தாண்டி ஒருமுறை போய், திரும்பி வரணும். 20 இரட்டை முடிச்சு கொண்ட ஒரே ஒரு வளையத்துக்கு 40 தடவை போக்குவரத்து. போகும்போதும் வரும்போதும் நூல், விரலுக்கும் ஷட்டிலுக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு நகரும். இரண்டு பலகைகளின் முனைகளும் ஒன்றையொன்று லேசாகத் தொட்டபடி நிற்கணும். இழுத்தால் நூல் 'டிக்' என்று வெளியே வரணும், விட்டால் தானாக அவிழக் கூடாது. முழு ஷட்டிலும் இந்த முனையை நம்பித்தான் இருக்கிறது.

இதை 1886-லேயே தெளிவாகச் சொன்னவர் தெரேஸ் தெ தில்மோன். அவருடைய ஊசிவேலைக் கலைக்களஞ்சியத்தில் நல்ல ஷட்டிலுக்கான இலக்கணம் ஒரு சின்னப் பத்திதான். நுண்ணிய வேலைக்கு நீளம் 7 செ.மீ.க்கு மேல் வேண்டாம், அகலம் 2 அல்லது 3 செ.மீ., முனைகள் நெருங்கி இருக்கணும், நடுக்கட்டையில் நூல் நுழைய ஒரு துளை வேணும். எல்லாமே நூலின் பக்கம் நின்று சொன்னவை. அழகு பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வாங்குகிறவருக்காக எழுதினார், செய்கிறவருக்காக அல்ல. அவர் சொல்லும் பொருட்கள் எலும்பு, தந்தம், முத்துச்சிப்பி, ஆமை ஓடு. மரம் அந்தப் பட்டியலில் இல்லை.

நம்ம சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆமை ஓடு சூட்டில் இளகும். வளைத்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும். பின்னால் வந்த செல்லுலாய்டும் பிளாஸ்டிக்கும் அதே குணம்தான். அழுங்காமை ஓட்டுக்கும் தந்தத்துக்கும் இன்று பன்னாட்டு வணிகத் தடை இருப்பதால் மரத்தைத் தேடுவது நியாயமே. ஆனால் மரத்துக்கு இழையோட்டம் உண்டு. கெட்டியான துண்டிலிருந்து வளைவைச் செதுக்கினால் முனையில் இழைகள் குறுக்கே வெட்டுப்பட்டுக் குட்டையாகிவிடும். நூல் உரசும் அதே இடத்தில் சிம்பு சிம்பாகப் பெயரும். 2 மி.மீ. தட்டைப் பலகையை வளைத்துப் பிடித்து ஒட்டினால், அது எப்போதும் விரியத் துடிக்கும். நாளாக நாளாக ஒன்று பசை விடும், இல்லை முனை திறக்கும். மழைக்கால ஈரம் அதை இன்னும் கெடுக்கும். மெல்லிய வெனீர் இரண்டு மூன்றை வளைந்த அச்சில் அடுக்கி ஒட்டி, ராத்திரி முழுக்க இறுக்கி வைப்பதுதான் உருப்படியான வழி. ஆனால் அந்த அச்சைச் செய்யவே ஒரு நாள் போய்விடும். சுலபம் என்று சொல்லும் குறிப்புகளில் அந்த ஒரு நாளுக்குக் கணக்கே இல்லை.

நடுக்கட்டையும் அப்படித்தான். அதன் இழை பலகைகளுக்குச் செங்குத்தாக நின்றால், பசை பிடிப்பது மரத்தின் வெட்டுமுனையில். அங்கே பிடிப்பு குறைவு. இழை ஷட்டிலின் நீளவாக்கில் ஓடினால் பக்கத்தோடு பக்கம் ஒட்டும், உறுதியாக நிற்கும். துளையை, கட்டையைச் சிறிதாக அறுப்பதற்கு முன்னாலேயே போட்டுவிடணும். அறுத்த பிறகு போட்டால் பிளக்கும்.

மரத்தேர்வு பற்றியும் ஒரு வார்த்தை. நம்ம ஊரில் நல்ல மரம் என்றாலே தேக்கு. கதவுக்குச் சரி, ஷட்டிலுக்கு அதன் துளைகள் பெரிசு, மெல்லிய பருத்தி நூல் மாட்டும். சன்னபட்னா பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை போல இழை நெருங்கிய மரம் இதற்குப் பொருத்தம். வார்னிஷை முனையில் கெட்டியாக அடித்தால் இடைவெளி அடைபடும், பிறகு செதில் செதிலாக உரியும். ஈரத் துணியால் துடைத்து, எழும்பும் நாரை 400-ஆம் எண் உப்புத்தாளால் மறுபடி தேய்த்து, எண்ணெய் மட்டும் பூசினாலே போதும்.

இவ்வளவு கறாராகப் பேசணுமா, கையால் செய்ததே பெரிய விஷயம் இல்லையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் மோசமான ஷட்டிலுக்கு விலை கொடுப்பவர் புதிதாகக் கற்றுக்கொள்பவர். நூல் சிக்கும், வளையம் இறுகாது. அவரோ 'எனக்குக் கை வரலை' என்று முடிவு கட்டிவிடுவார். குற்றம் கருவியுடையது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. பளபளப்பைப் புகழ்ந்து முனையைப் பற்றிப் பேசாத ஒவ்வொரு பாராட்டும் அந்தக் கையைத்தான் ஏமாற்றுகிறது.

மரத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. எடை குறைவு, விரலில் சில்லென்று இருக்காது, கையின் அளவுக்கு ஏற்பச் செதுக்கலாம், முனை தேய்ந்தால் மறுபடி தீட்டலாம். நெசவாளர் தறி நாடாவை ஓடம் என்றும் சொல்வார்கள். ஜெர்மன்காரர்களும் டாட்டிங் ஷட்டிலைச் சின்னப் படகு என்றே அழைக்கிறார்கள். படகின் அழகு ஓடுவதில் தெரியும். அதனால் மர ஷட்டிலைக் கையில் வாங்கினால் முதலில் முனையில் கொஞ்சம் பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு மாட்டாமல் வந்தால், பிறகு மரத்தின் நிறத்தைப் பற்றிப் பேசலாம்.